கடலில் கலக்கும் காவிரி வீணா?

கர்நாடகத்தில் கனமழை. மேட்டூர் அணை நிரம்பி வழிகிறது. கொள்ளிடத்தில் கரைக்குக் கரை வெள்ளம்.

அந்த வாரம் டீக்கடை, சலூன், பஸ் நிலையம் என்று எங்கே போனாலும் ஒரே பேச்சுத்தான்.

"அடடா! இத்தனை தண்ணீரும் வீணாகக் கடலுக்குப் போகிறதே!"

வயிற்றெரிச்சலில் பிறக்கும் பேச்சு அது. குறுவைக்குத் தண்ணீர் இல்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வருடங்களை விவசாயி மறக்க முடியுமா? கண் எதிரே தண்ணீர் ஓடிப் போனால் அவன் நெஞ்சு பதைக்கத்தான் செய்யும்.

ஆனால் அதே பேச்சைக் கடற்கரையில் நின்று பேசிப் பார்க்க வேண்டும். அங்கே கதை வேறு. காவிரி கடலுக்குப் போகாவிட்டால், கடல் காவிரிக்குள் வந்துவிடும். வந்துகொண்டும் இருக்கிறது!

ஆறு போட்ட நிலம்

தேசப்படத்தை எடுத்துப் பாருங்கள். மேற்கே கல்லணை. வடகிழக்கே கொள்ளிடம் கடலில் விழும் பழையாறு. தென்கிழக்கே கோடியக்கரை. மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். கிரேக்க மொழியில் "டெல்டா" என்ற எழுத்து முக்கோணமாக இருக்கும். அதனால்தான் இப்படிப்பட்ட நிலத்துக்கு டெல்டா என்று பெயர் வந்தது.

இந்த முக்கோணத்தைப் போட்டது யார்? காவிரிதான்.

குடகு மலையில் தலைக்காவிரியில் பிறக்கும் ஆறு, சுமார் 500 மைல் ஓடி வருகிறது. வழியெல்லாம் பாறையை உரசுகிறது. மண்ணைக் கரைக்கிறது. எல்லாவற்றையும் சுமந்துகொண்டு திருச்சியைத் தாண்டுகிறது. அதற்கு மேல் நிலம் மட்டம். ஓட்டத்தில் வேகம் இல்லை. வேகம் போனால் ஆற்றால் சுமக்க முடியாது. கனமான மணலை முதலில் இறக்குகிறது. மெல்லிய வண்டலைக் கடைசி வரை கொண்டுபோய்க் கடல் வாயிலில் கொட்டுகிறது.

ஒரு வழியில் மண் மேடிட்டால் ஆறு வேறு வழி பார்க்கும். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், மண்ணியாறு, பாமணியாறு, கோரையாறு என்று பிள்ளைகள் பல. ஒவ்வொரு பிள்ளையும் தன் பங்குக்கு மண் போட்டது. இப்படி ஆயிரக்கணக்கான வருடங்கள் நடந்தன. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்து வயல்கள் எல்லாம் ஒரு காலத்தில் காவிரி தலையில் சுமந்து வந்த மண்தான்.

வண்டல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. நாளாக ஆக அது இறுகும், உள்ளுக்குள் அமுங்கும். மேலே புது வண்டல் விழுந்துகொண்டிருந்தால் நிலத்தின் மட்டம் குறையாது. புது மண் நின்றுவிட்டால் நிலம் தாழ ஆரம்பிக்கும். ஓலைக் கூரைக்கு வருடா வருடம் ஓலை மாற்றுவது போல டெல்டாவுக்கு மண் வேண்டும்.

இரு காற்று, ஒரு மணல்

ஆறு கொண்டுவந்த மணல் கொட்டிய இடத்திலேயே கிடப்பதில்லை. கடல் அதை எடுத்துக்கொண்டு நடக்கிறது.

தெற்கே இருந்து சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் அலை சாய்வாகக் கரையில் மோதும். ஒவ்வொரு மோதலிலும் மணல் கொஞ்சம் வடக்கே நகரும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்று. அப்போது மணல் தெற்கே நகரும். வருடக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் சோழமண்டலக் கரையில் பெரும்பாலும் வடக்கே போகும் மணல்தான் அதிகம்.

போகட்டும், போகிற மணலுக்குப் பதில் மணல் வந்தால் கரை அப்படியே இருக்கும். அந்தப் பதில் மணலைத் தரவேண்டியது ஆறு. பெட்டியிலிருந்து பணம் எடுத்துக்கொண்டே இருந்து, போடுவதை நிறுத்திவிட்டால் பெட்டி என்ன ஆகும்?

டெல்டாவின் தென் மூலையில் இந்த மணல் செய்த வேலையைக் கண்ணால் பார்க்கலாம். வேதாரணியம் பக்கம் பழைய மணல் மேடுகள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு வரிசையும் ஒரு காலத்துக் கடற்கரை! கரை நகர நகர, மேடுகள் உள்ளே தங்கிவிட்டன. ஊர்கள் அந்த மேடுகளின் மேல்தான் அமர்ந்திருக்கின்றன. மணலில் இறங்கிய மழைநீர் அங்கே ஊற்றாக இனிக்கிறது. சுற்றிலும் உப்பளம், நடுவே நல்ல தண்ணீர்க் கிணறு! 1930ல் ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்தாரே, அதே வேதாரணியம்தான்.

ஆக, டெல்டாவின் ஓர் ஓரம் வளர்கிறது. இன்னோர் ஓரம் தேய்கிறது. தேய்கிற இடத்தைப் பார்க்கத் தரங்கம்பாடிக்குப் போகவேண்டும்.

கோவிலின் பாதியைக் கடல் கொண்டது

தரங்கம்பாடியில் மாசிலாமணி நாதர் கோவில் கடலை ஒட்டி நிற்கிறது. 1306ல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோவில். அக்காலத்தில் கட்டியவர்கள் கடலுக்குள்ளா கட்டியிருப்பார்கள்? நிலம் பார்த்துத்தான் கட்டினார்கள்.

1620ல் டேனிஷ்காரர்கள் இங்கே வந்து கோட்டை கட்டினார்கள். அவர்கள் காலத்துப் பழைய வரைபடத்தில் கோவிலுக்கும் கடலுக்கும் இடையே நிலம் இருக்கிறது. பிறகு அந்த நிலம் போயிற்று. கோவிலின் முன் பகுதியும் போயிற்று. எஞ்சிய பகுதியைக் காக்கப் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள்.

கொஞ்சம் வடக்கே பூம்புகார். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்கிறது. ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கரையில் அலை அடிக்கும் இடத்திலேயே செங்கல் கட்டிடங்களையும் உறை கிணறுகளையும் கண்டிருக்கிறார்கள். குடிதண்ணீர் இறைத்த கிணறு இன்று உப்பு அலைக்குள்! 1960களில் கீழையூரில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று கிடைத்தது. ஆறும் இடம் மாறியிருக்கிறது. கரையும் இடம் மாறியிருக்கிறது.

அப்படியானால் எல்லாம் இயற்கையின் வேலை என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? முடியாது. பழைய காலத்தில் கடல் எடுத்தது, ஆறு கொடுத்தது. இன்று எடுக்கும் கை எடுத்துக்கொண்டே இருக்கிறது. கொடுக்கும் கையைத்தான் கட்டிவிட்டோம்.

அணைக்குள் தங்கிய மண்

ஆற்றை முதலில் தொட்டவர்கள் மிகவும் நிதானமாகத் தொட்டார்கள்.

கரிகாற் சோழன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணை, நீரைத் தேக்குவதற்காகக் கட்டப்பட்டது அல்ல. காவிரித் தண்ணீர் தாழ்வான கொள்ளிடத்துக்கு நழுவிப் போகாமல் திருப்பிவிடுவதற்காகக் கட்டியது. பாறைகளை மணலில் போட்டார்கள். அவை அமிழ்ந்தன. மேலே மேலே போட்டார்கள். கடைசியில் அசையாமல் நின்றுவிட்டன. மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த அணையிடம்தான் கற்றதாக வெள்ளைக்கார என்ஜினீயர் ஆர்தர் காட்டனே ஒப்புக்கொண்டார்.

காட்டன் வந்த காலத்தில் ஒரு சிக்கல். கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம். கடலுக்குக் குறுக்கு வழி. அதனால் வெள்ளம் அந்தப் பக்கமே பாய்ந்து, கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டே போயிற்று. காவிரியோ மணல் மேடிட்டுத் தூர்ந்தது. தஞ்சை காயும் போலிருந்தது. 1836ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார் காட்டன். காவிரிக்குத் தண்ணீர் வந்தது. ஆனால் கொஞ்ச காலத்தில் அளவு மீறி வந்து காவிரிப் படுகையை அரிக்கத் தொடங்கிவிட்டது! பிறகு அணையின் ஒரு பகுதியின் உயரத்தைக் குறைத்து, காவிரித் தலைப்பிலும் ஒரு தடுப்புப் போட்டுச் சமாளித்தார்கள். ஆற்றை ஓர் இடத்தில் தொட்டால் அது இன்னோர் இடத்தில் பதில் சொல்லும்.

பெரிய அணைகள் அதன் பிறகு வந்தன. மைசூர்ப் பக்கம் கிருஷ்ணராஜ சாகர் 1911ல் தொடங்கப்பட்டது. மேட்டூர் அணை 1925ல் தொடங்கி 1934ல் முடிந்தது. 120 அடி நீர், 93 டி.எம்.சி. கொள்ளளவு. அப்புறம் கபினி, ஹேமாவதி, ஹாரங்கி, பவானிசாகர், அமராவதி என்று கிளை ஆறுகளுக்கும் அணை.

இவற்றால் கிடைத்த நன்மையை யாரும் குறைத்துப் பேச முடியாது. 1924ல் வந்த பெருவெள்ளத்தைப் போல ஊர்களை அடித்துப் போகாமல் தடுத்ததும், லட்சக்கணக்கான ஏக்கருக்குத் தவணை முறையில் தண்ணீர் கொடுத்ததும் இந்த அணைகள்தான். ஆனால் அணை தண்ணீரை மட்டும் நிறுத்துவதில்லை. நீர் அசையாமல் நின்றால் மண் அடியில் உட்கார்ந்துவிடும். மதகு வழியாகப் போவது தெளிந்த தண்ணீர். மேட்டூரில் 83 வருடங்களுக்குப் பிறகு 2017ல் வண்டல் அள்ளும் வேலை தொடங்கியது என்றால், எத்தனை காலத்து மண் அங்கே தங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கடலோரத்துக்குச் சேரவேண்டிய மண் அல்லவா அது!

லாரியில் போகும் ஆறு

அணைக்குக் கீழே ஏற்கெனவே கிடந்த மணலாவது மிஞ்சியதா? அதற்கு லாரி வந்தது.

ஆற்று மணலில் உப்பு கிடையாது. கட்டிட வேலைக்கு அதைவிடச் சிறந்த சரக்கு இல்லை. நகரங்களில் மாடி மேல் மாடி எழுந்தபோது காவிரியிலும் கொள்ளிடத்திலும் பள்ளம் மேல் பள்ளம் விழுந்தது. 2003 முதல் மணல் குவாரிகளை அரசே நடத்தும் ஏற்பாடு வந்தது. அனுமதித்த அளவுக்கு மேல் அள்ளுகிறார்கள் என்ற புகாரும் கோர்ட்டு வழக்கும் நின்றபாடில்லை.

பள்ளம் விழுந்த ஆறு என்ன செய்யும்? அடுத்த வெள்ளத்தில் வருகிற மணலைக் கொண்டு முதலில் தன் பள்ளத்தை நிரப்பும். கடலுக்கு மிச்சம் இராது. படுகை தாழ்வதால் வாய்க்கால் தலைப்புகளில் தண்ணீர் ஏறாது. கரையோரக் கிணறுகளில் ஊற்று இறங்கும். பாலத்தின் காலைச் சுற்றி இருந்த மணல் போய்விடும்.

2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் பெரு வெள்ளம். திருச்சியில் பழைய இரும்புப் பாலத்தின் தூண் இடிந்தது. சில நாட்களில், 22ந் தேதி இரவு, முக்கொம்பில் காட்டன் காலத்து மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. மணலை அள்ளியதே காரணம் என்று விவசாயிகள் குற்றம் சாட்டினார்கள். பழமையும் ஒரு காரணம்தான். ஆனால் காலடி மணல் பறிபோன கட்டிடத்துக்கு வயதும் ஆகிவிட்டால் கேட்கவா வேண்டும்?

முட்டை மிதக்கும் தண்ணீர்

இனி, கண்ணுக்குத் தெரியாத சண்டை ஒன்றைப் பார்க்கலாம். அது நிலத்துக்கு அடியில் நடக்கிறது.

வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் முட்டையைப் போடுங்கள். மூழ்கும். நிறைய உப்பைக் கரைத்துப் போடுங்கள். மிதக்கும்! உப்பு நீர் கனமானது. நல்ல நீர் லேசானது. கடலோர மண்ணுக்குள்ளும் இப்படித்தான். கீழே உப்பு நீர். அதன் மேல் நல்ல நீர் மிதந்துகொண்டிருக்கிறது.

கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரம் நல்ல ஊற்று நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்பு நீரை அது அமுக்கி வைத்திருக்கும். இது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. திருப்பிப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். மோட்டார் போட்டு இறைத்து மேலே ஓர் அடி குறைந்தால், கீழே உப்பு 40 அடி ஏறி வரும்!

ஆற்றில் தண்ணீர் ஓடினால் ஊற்று ஊறும், உப்பு பின்வாங்கும். ஆறு காய்ந்த மாதங்களில் உப்பு முன்னேறும். கொள்ளிடத்தின் கடைசிப் பகுதியில் கோடைக் காலத்தில் கடல் நீர் ஆற்று வழியே பல மைல் உள்ளே ஏறிவிடுகிறது. கரையோர ஊர்களில் அடிப் பம்பை அடித்தால் கரிக்கிறது. குடம் எடுத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்பது பெண்களின் வேலையாகிவிட்டது. கடலுக்கு "வீணாக" ஓடும் வெள்ளம் அந்த ஊர்களுக்குச் செய்யும் உபகாரம் இதுதான்: கடலை அது தள்ளி நிறுத்துகிறது.

முகத்துவாரத்துக்கும் அதே கதை. ஓட்டம் பலமாக இருந்தால் ஆறு தன் வாயைத் தானே கழுவி வைத்துக்கொள்ளும். ஓட்டம் செத்தால் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். அப்புறம் மீனவரின் படகு உள்ளே வர முடியாது. கார்த்திகை மழையில் சம்பா வயலில் தேங்கிய தண்ணீர் வெளியே போக முடியாது. ஒரே மணல் மேடு. மீனவருக்கும் நஷ்டம், விவசாயிக்கும் நஷ்டம்.

போதாததற்குக் கடல் மட்டமும் உலகம் முழுவதும் வருடத்துக்குச் சுமார் 3 மில்லி மீட்டருக்கு மேல் உயர்ந்து வருகிறது. ஓர் அரிசி மணியின் கனம்தானே என்று தோன்றும். தட்டைத் தரையில் அரிசி மணி கனமும் நெடுந்தூரம் பாயும்.

கல்லைக் கொட்டினால் தீருமா?

கடல் அரிக்கும் ஊர்களில் ஜனங்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எங்கள் ஊருக்குக் கல் போடுங்கள்!" வீடு போகும்போது வேறு எதைக் கேட்பார்கள்?

ஆனால் கல் மணலை உண்டாக்காது. வடக்கே நடந்து போகும் மணலை வழியில் மறித்து வைக்கும். கல்லுக்குத் தெற்கே கரை வளரும். வடக்கே கரை தேயும். இதற்குச் சாட்சி சென்னையில் இருக்கிறது. 1870களில் அங்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. மாலையில் காற்று வாங்க நல்ல இடம்! வடக்கே ராயபுரம் பக்கம் கடல் வீடுகளைத் தின்றது. நாகைக் கரையானாலும் சரி, தரங்கம்பாடிக் கரையானாலும் சரி, இந்த விதி மாறாது. ஓர் ஊருக்குப் போட்ட கல், அடுத்த ஊருக்கு விட்ட அலை.

வயலில் வந்த இறால்

1990களில் நாகைக் கடலோரம் நெல் வயல்கள் இறால் பண்ணைகளாக மாறின. கடல் நீரை உள்ளே கொண்டுவந்து குட்டைகளில் தேக்கினார்கள். அந்நியச் செலாவணி கிடைத்தது. பக்கத்து வயலில் உப்பு கசிந்தது. கூலி வேலை போயிற்று. குடிதண்ணீர் கெட்டது.

சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன், மனைவி கிருஷ்ணம்மாளோடு கிராமம் கிராமமாகப் போய்ப் போராடினார். நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கித் தந்த தம்பதிகள் அவர்கள். தந்த நிலத்தில் உப்பு ஏறினால் சும்மா இருப்பார்களா? வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996 டிசம்பர் 11ந் தேதி தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் உள்ள இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது. பின்னர் 2005ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கு மத்திய அரசு தனிச் சட்டம் செய்தது. அதன்படி அனுமதி பெற்றுப் பண்ணைகள் நடக்கின்றன.

2004 டிசம்பர் 26ந் தேதி சுனாமி வந்தது. அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். பல வயல்கள் உப்பில் மூழ்கின. அந்த உப்பைக் கழுவியது எது? ஜிப்சம் போட்டார்கள், சேற்றை வழித்தார்கள், உண்மைதான். ஆனால் கழுவிக் கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது மழையும் ஆற்றுத் தண்ணீரும்.

அலையை ஆற்றும் மரம்

டெல்டாவின் தென்கோடியில் முத்துப்பேட்டை. காடும் காயலுமாகச் சுமார் 30 ஆயிரம் ஏக்கர். கடலுக்கும் ஊருக்கும் நடுவே சேற்றில் நிற்கும் மரங்களுக்கு அலையாத்தி என்று பெயர். அலையை ஆற்றுவதால் அலையாத்தி. இதைவிட அழகாக யார் பெயர் வைக்க முடியும்? இந்த மரத்துக்குக் கடல் நீரும் வேண்டும். இடையிடையே ஆற்று நீரும் வேண்டும். உப்பு மட்டுமே இருந்தால் சோர்ந்துவிடும். கோரையாறும் பாமணியாறும் இங்கேதான் வந்து சேர்கின்றன.

காடு அழிந்து உப்புத் திடலாகிவிட்ட இடங்களில், மீன் முள்ளைப் போல ஒரு நடு வாய்க்காலும் இரு பக்கமும் கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு செய்த வேலை. நீர் ஏறி இறங்க வழி கிடைத்தது. கன்று நட்டார்கள். காடு திரும்பிற்று. 2018 நவம்பர் 16ந் தேதி கஜா புயல் வந்து அந்தக் காட்டையும் முறித்துப் போட்டது. மறுபடி நடுகிறார்கள்.

கடலுக்கு எழுதிய கணக்கு

காவிரி நடுவர் மன்றம் 2007ல் இறுதித் தீர்ப்புக் கொடுத்தது. மொத்தம் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டு, மாநிலங்களுக்குப் பங்கு பிரித்தது. அதில் பலர் கவனிக்காத இரண்டு வரிகள் உண்டு. சுற்றுச்சூழலைக் காக்க 10 டி.எம்.சி. தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவது 4 டி.எம்.சி.

கடலின் பங்கு நாலே நாலு! அதுவும் பங்கு என்று கொடுத்தது அல்ல. கைதவறிச் சிந்துவது என்று எழுதிய கணக்கு. வெள்ள வருடங்களில் அதைப் போலப் பல மடங்கு போகிறது. வறண்ட வருடங்களிலோ வாய்க்கு எட்டுவதே இல்லை.

அதற்காக அணையை உடைக்க வேண்டுமா? ஏரி, குளங்களில் தேக்கக் கூடாதா? தாராளமாகத் தேக்க வேண்டும். குளத்தில் நிற்கும் நீர் ஊற்றாக இறங்கி உப்பையும் தடுக்கும். ஆனால் கடைசிச் சொட்டு வரை மறித்துவிட்டோம் என்று மார் தட்டிக்கொள்வதில் மட்டும் அர்த்தமில்லை.

ஜூன் 12ல் மேட்டூர் திறந்தால், தண்ணீர் கல்லணை வந்து, கும்பகோணம், மயிலாடுதுறை கடந்து, மேலையூர்க் கடையணைக்கு வரப் பல நாட்கள் ஆகும். வந்த அன்று விவசாயிகள் விதை நெல்லும் பூவும் தூவி வரவேற்கிறார்கள். அங்கிருந்து கடல் கொஞ்ச தூரம்தான். திருச்சியில் கடல் போல் கிடந்த காவிரி, அந்தக் கடைசித் தூரத்தில் ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

பூம்புகாரில் ஆறு கடலைத் தொடும் இடத்தில் ஆடிப்பெருக்குக்கும் ஆடி அமாவாசைக்கும் கூட்டம் கூடும். முதலில் காவிரியில் முழுக்கு. பிறகு கடலில் முழுக்கு. அதுதான் வழக்கம். மேட்டூர் திறக்காத வருடங்களில், காளாஞ்சியில் வெற்றிலை பாக்கும், மஞ்சள் கயிறும் கொண்டுவந்த பெண்கள் மணல் மேட்டில் நின்று பார்க்கிறார்கள். கடலில் மட்டும் முழுகிவிட்டுப் பஸ் ஏறுகிறார்கள்.